வீட்டிலேயே பவர் சப்ளை செய்ய விரும்பும் புதியவர்களுக்கு

கோவை, ஈரோடு வட்டாரத்துப் பாலிடெக்னிக் மாணவர்களும், தோட்டத்துச் சொட்டுநீர் வால்வுக்குத் தாங்களே ஒரு கன்ட்ரோலர் செய்து பார்க்க ஆசைப்படும் விவசாய வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் கொண்டுவரும் போர்டுகளில், பெரும்பாலும் பழுதாகியிருப்பது, வீட்டு மின்சாரத்தைப் போர்டுக்கு வேண்டிய குறைந்த டி.சி. மின்னழுத்தமாக மாற்றும் பவர் சப்ளைப் பகுதிதான். ஏ.சி.யை டி.சி. ஆக்கும் நான்கு டையோடு (பிரிட்ஜ்), அதைச் சமன்செய்யும் ஒரு கெபாசிட்டர், மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ஒரு ரெகுலேட்டர்தானே என்று அதை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். ஆனால் 230 வோல்ட் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது அந்தப் பகுதியில் மட்டுமே.

ஆகவே முதல் வேண்டுகோள்: டிரான்ஸ்பார்மர் இல்லாமல், ஒரு கெபாசிட்டரை வரிசையில் வைத்து மின்னழுத்தத்தைக் குறைக்கும் சர்க்யூட்டைத் தொடவே வேண்டாம். முழுவதும் மூடப்பட்ட எல்.இ.டி. பல்புக்குள் அதற்கு இடமுண்டு. வெளியே ஒயர் நீளும் கருவிக்கு அது ஆகாது. மீட்டரில் 5 வோல்ட் என்று காட்டினாலும், இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினாலே அந்த வெளியீட்டின் இரு முனைகளும் தரையைப் பொறுத்து 230 வோல்ட்டில் நின்றுவிடக்கூடும்; ஈர வரப்பில் வெறுங்காலுடன் நிற்பவர் அந்த ஒயரைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது குறைந்த மின்னழுத்தப் பக்கத்தின் மூன்று ஒயர்களைக் குறிக்கும் 12-0-12 என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு, இரு ஓரத்து ஒயர்களையும் பிரிட்ஜில் இணைத்துவிடுவது நான் அடிக்கடி காணும் பிழை. ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இருப்பது 24 வோல்ட். ஏ.சி. அலையாக ஏறி இறங்குவதால் அதன் உச்சம் 1.41 மடங்கு, அதாவது 34 வோல்ட். லோடு (மின்சாரம் எடுக்கும் கருவி) இல்லாதபோது இன்னும் கூடும். 12 வோல்ட் தரும் 7812 ரெகுலேட்டரின் உள்ளீட்டு வரம்போ 35 வோல்ட்தான். நடு ஒயரையும் ஓர் ஓரத்தையும் மட்டும் பிரிட்ஜுக்குக் கொடுத்தால் 12 வோல்ட்டின் உச்சமான 17இல் டையோடுகள் சுமார் 1.4 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 15.6 வோல்ட் கிடைக்கும். அதுவும் ஏட்டுக் கணக்கே. சோமனூர், பல்லடம் பக்கம் தறிகள் ஓடும் நேரத்தில் தாழ்ந்திருக்கும் லைன், அவை நின்றபின் 250ஐத் தொட்டால், லோடு இல்லாத சிறு டிரான்ஸ்பார்மரின் கெபாசிட்டரில் 20 வோல்ட் வரை ஏறலாம். அங்கே 16 வோல்ட் கெபாசிட்டரைப் போட்டவர்களின் போர்டில் அதன் தலை உப்பியிருப்பதைக் காண்கிறேன். 25 வோல்ட் குறைந்தபட்சம். 35 வோல்ட் என்றால் நிம்மதி. அரை ஆம்பியர் லோடுக்கு 2200 மைக்ரோபாரட் பொருத்தமான அளவு.

சூட்டையும் கணக்கிட வேண்டும். 15 வோல்ட்டை, 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டருக்குக் கொடுத்து அரை ஆம்பியர் எடுத்தால் 5 வாட் வெறும் வெப்பமாகப் போகும். ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாவிட்டால் ரெகுலேட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், கோளாறு வேறெங்கோ இருப்பதாக நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். 5 வோல்ட் மட்டுமே தேவையென்றால் 9 வோல்ட் டிரான்ஸ்பார்மரே நல்லது.

ஒயர் நிறத்தை நம்பி 230 வோல்ட்டைக் கொடுக்காதீர்கள். பிளக்கில் செருகும் முன் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள்: இந்த அளவு டிரான்ஸ்பார்மரில் பிரைமரி (230 வோல்ட் பக்கம்) நூறு ஓம் அளவிலோ அதற்கு மேலோ காட்டும், செகண்டரி (குறைந்த மின்னழுத்தப் பக்கம்) ஓரிரு ஓமுக்குள் அடங்கும். பேஸ் ஒயரில் கால் ஆம்பியர் பியூஸ், உலோகப் பெட்டியென்றால் மூன்று பின் பிளக், பெட்டியோடு திருகி இறுக்கிய எர்த் ஒயர் ஆகிய மூன்றும் இல்லாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 40 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து சொல்லிவிடும். ஆனால் அது பொருளைக் காக்குமே தவிர ஆளைக் காக்காது, ஏனெனில் அந்தப் பல்பின் வழியே பாயும் மின்னோட்டமே உயிரைப் பறிக்கப் போதுமானது.

230 வோல்ட் பக்கம் கைவைக்கத் தயக்கம் இருந்தால், பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் அச்சிட்ட 12 வோல்ட் அடாப்டர் ஒன்றை வாங்கி, அதற்குப் பின்னால் எல்.எம்.317 ரெகுலேட்டரை வைத்து 1.25 முதல் 9 வோல்ட் வரை மாற்றக்கூடிய சப்ளையைச் செய்யுங்கள். என்னிடம் பழக வருபவர்களுக்கு முதலில் கொடுக்கும் வேலை அதுதான்.