கொத்தவரைப் பிசினும் ஒரு மிடறு தண்ணீரும்

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. மாரடைப்போ என்று வீட்டார் நடுங்கிப்போயிருந்தார்கள். எண்டோஸ்கோப்பியில் பார்த்தால், உணவுக்குழாயை ஒரு பசை உருண்டை அடைத்துக்கொண்டிருந்தது. சர்க்கரை குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி, குவார் கம் பொடியை ஒரு கரண்டி வாயில் போட்டு, ஒரே ஒரு மிடறு தண்ணீர் குடித்திருக்கிறார்.

பெயர்தான் புதிது, பொருள் நம் கொத்தவரை. மரத்தைக் கீறினால் வடியும் வேலம்பிசின் போன்றதல்ல இது. விதையின் உட்பகுதியை அரைத்து எடுப்பது. உலகத் தேவையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை இந்தியாவே தருகிறது. பெரும்பகுதி ராஜஸ்தானின் மானாவாரி நிலங்களில் விளைகிறது. ஐஸ்கிரீமைக் குழைவாக வைத்திருப்பதும், துணியில் அச்சிடும் சாயம் பரவாமல் நிறுத்துவதும் இதுதான். அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் கிணறுகளில், மணலைச் சுமந்து செல்லும் நீரைக் கெட்டியாக்கவும் இதையே கலக்கிறார்கள். அந்தத் தேவையால் 2012இல் விலை தாறுமாறாக ஏறி, இந்தியாவில் இதன் முன்பேர வணிகத்தையே, அதாவது பின்னால் தரப்போகும் சரக்குக்கு இப்போதே விலை பேசும் வணிகத்தையே, நிறுத்திவைக்க நேர்ந்தது.

எங்கே போனாலும் இதன் வேலை ஒன்றே: தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூழாவது. குடலில் அப்படிக் கூழாவதால்தான் உணவின் சர்க்கரை மெதுவாக இரத்தத்தில் சேர்கிறது; இரத்தக் கொழுப்பும் ஓரளவு குறைகிறது. இந்தப் பலன் உண்மை, மறுக்கமாட்டேன். ஆனால் அதே கூழ் தொண்டைக்குக் கீழேயே உருவாகிவிட்டால்? உடல் எடையைக் குறைப்பதாக விற்ற குவார் கம் மாத்திரைகளால் உணவுக்குழாயிலும் சிறுகுடலிலும் அடைப்பு ஏற்பட்டதாக 26 பேரைப் பற்றிய ஆய்வு அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்திலேயே வெளிவந்தது. மருந்துக்கடைகளில் எடை குறைக்கும் மருந்தாக இதை விற்பதற்கும் அங்கே அப்போதே தடை வந்தது.

மருத்துவர் சொல்லி எடுத்துக்கொள்பவர்கள் குறைந்த அளவில் தொடங்கி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, கெட்டியாகும் முன் குடித்துவிட வேண்டும். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். ஏற்கெனவே விழுங்கச் சிரமப்படுபவர்களும், குடல் குறுகியவர்களும் தொடவே கூடாது. மெட்ஃபார்மின், பெனிசிலின் போன்ற மாத்திரைகள் உடலில் சேர்வதையும் இது குறைக்கும். எத்தனை மணி இடைவெளி விடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா கேட்டார், “அப்படியானால் கொத்தவரங்காய்ப் பொரியலும் கூடாதா, டாக்டர்?” தாராளமாகச் சாப்பிடலாம், அம்மா. பிஞ்சுக்காயில் இருப்பது மிகக் கொஞ்சம். அதுவும் வெந்து, மென்று உள்ளே போகிறது.

பொடி அடைத்துக்கொண்டால் மட்டும் தண்ணீரோ வாழைப்பழமோ கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். பிசின் இன்னும் ஊதும். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் புகுந்துவிடும். எச்சில் இறங்கவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.