மினாரா: விளக்கா, அழைப்பா?

"கோபுரம்னு எழுதாதீங்க தம்பி. கோபுரம் வாசலுக்கு மேல எழும்புறது. இது வேற."

திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல் முற்றத்தில் நின்றபடி நாகூர்க்கார பாய் ஒருவர் என்னைத் திருத்தினார். ஒரு படத்துக்குக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்து அவரோடு போயிருந்தேன். எதிரே சாம்பல் நிறக் கருங்கல் முகப்பு, இரு பக்கமும் மெலிந்து உயர்ந்த இரண்டு தூண்கள், தூண்களின் உச்சியில் பளபளக்கும் கலசங்கள். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795-இல் இரும்பும் மரமும் சேர்க்காமல் கட்டிய பள்ளி இது. கட்டிய ஆண்டை எழுத்துகளின் எண்மதிப்பில் ஒளித்துவைத்த பாரசீகக் கல்வெட்டு ஒன்றும் இங்கே உண்டு. அதை இயற்றியவர் நவாபிடம் செயலராக இருந்த மக்கன் லால் என்னும் இந்து.

"அப்ப எப்படி எழுதுறது பாய்?"

"மனாரான்னு எழுதுங்க. எங்க ஊர்ல அஞ்சு இருக்கு."

நாகூர் தர்காவின் ஐந்தில் மிக உயர்ந்தது 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்குக் கொடி ஏறுவது இந்த மனாராக்களில்தான். சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம்கள் வாயில் மனாரா, மினாரா. உருது புழங்கும் திருவல்லிக்கேணித் தெருக்களில் மினார். ஆங்கில மினரெட் துருக்கியிலிருந்து பிரெஞ்சு வழியாகப் போனது. எல்லாவற்றுக்கும் தாய்ச்சொல் 'மனாரா' என்னும் அரபுச் சொல்.

அரபியில் 'ம' என்று முன்னொட்டுச் சேர்ந்தால் பல சொற்களில் இடத்தைக் குறிக்கும். தலை தாழ்த்தி வணங்குவது சுஜூது, அது நடக்கும் இடம் மஸ்ஜித். பாடம் படிக்கும் இடம் மதரஸா. அதே கணக்கில் நூர், நார் என்பவற்றின் வேரிலிருந்து மனாரா. நூர் என்றால் ஒளி. நூர் முகம்மது, நூர்ஜஹான் என்று நமக்குப் பழகிய பெயர்கள்தான். நார் என்றால் நெருப்பு. ஆக மனாரா என்பது ஒளி இருக்கும் இடம். அலெக்சாந்திரியாவின் பெயர்பெற்ற கலங்கரை விளக்கத்தையும் அரபியர் மனாரா என்றே அழைத்தார்கள்.

சொல்லில் தொழுகையும் இல்லை, அழைப்பும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நபிகள் காலத்துப் பள்ளியில் மினாராவே கிடையாது. நபித்தோழர் பிலால் உயரமான கூரையில் ஏறி நின்று தொழுகைக்கு அழைத்தார். மினாரா பின்னால் வந்தது, விளக்கின் பெயரை எடுத்துக்கொண்டது. அழைக்கும் இடம் என்ற பொருளில் அரபியில் 'மிஃதனா' என்று தனிச்சொல்லே உண்டு. அது, தொழுகை அழைப்பைக் குறிக்கும் 'அதான்' என்ற சொல்லிலிருந்து வருவது. அதானைத் தமிழர் பாங்கு என்கிறோம், அது பாரசீகம். பாங்கு சொல்பவர் மோதினார். முஅத்தின் என்ற அரபுச் சொல் தமிழ்நாட்டில் மரியாதைக்கு ஓர் 'ஆர்' வாங்கிக்கொண்டது. (மினாரில் உள்ள 'ஆர்' மரியாதை இல்லை!)

சென்னையில் இந்த விளக்குப் பொருள் வேறு இரண்டு இடங்களில் எட்டிப் பார்க்கிறது. அண்ணா சாலையில் முஹர்ரம் மாதத்தில் கூடுவதற்காக நவாப் காலத்தில் இருந்த மண்டபத்தில் ஆயிரம் விளக்கு ஏற்றுவார்களாம். அதனால்தான் அந்தப் பேட்டைக்கே ஆயிரம் விளக்கு என்று பெயர். இப்போதுள்ள பள்ளியில் இரண்டு மினாராக்கள் நிற்கின்றன. இன்னொன்று உயர் நீதிமன்றம். குவிமாடமும் மினாரா சாயலும் கலந்த அந்தச் செங்கல் கட்டடத்தின் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. 1977-இல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வந்த பிறகே அது ஓய்ந்தது. அரபியர் கண்ணில் பட்டிருந்தால் சொல்லுக்குச் சொல் மனாரா என்றிருப்பார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கோபுரம் பாய் சொன்னதுபோல வாயிலுக்கு உரியது. நாலு தெரு தள்ளிப் பார்த்தசாரதி கோயிலில் நிற்பது அது. தூபி என்று சிலர் எழுதுகிறார்கள். அது பௌத்த ஸ்தூபத்தின் பிள்ளை, இங்கே ஒட்டாது. விளக்குமாடம் என்றால் பாட்டி வீட்டுச் சுவரில் அகல் வைக்கும் பிறைதான் நினைவுக்கு வரும்.

எனக்குப் பிடித்த விடை பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. தொண்டை நாட்டுத் துறைமுகம் ஒன்றைச் சொல்லும்போது, ஏணி சாத்தியும் ஏறுவதற்கு அரிதான உயரமுள்ள, கூரை வேயாத மாடத்தைக் காட்டுகிறது:

"இரவில் மாட்டிய இலங்குசுடர் ஞெகிழி
உரவுநீர் அழுவத்து ஓடுகலம் கரையும்"

இரவில் ஏற்றிய சுடர், கடலில் ஓடும் கலங்களைக் கரைகிறது. கலங்கரை என்பதில் உள்ள கரையைக் கடற்கரை என்றே பலரும் நினைக்கிறோம். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்தான் இது. கரைதல் என்றால் அழைத்தல். அரபியில் மனாரா, மிஃதனா என்று பிரிந்து நிற்கும் விளக்கும் அழைப்பும் நம் சொல்லில் ஒன்றாகவே கிடக்கின்றன.

அதற்காகப் பள்ளிவாசலைப் பார்த்துக் கலங்கரை விளக்கம் என்று எழுதச் சொல்லவில்லை. படிக்கிறவர் மெரினாவுக்குப் போய்விடுவார். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று நல்ல தமிழை வைத்துக்கொண்டவர்கள்தான் இதை மட்டும் மினாரா என்று விட்டிருக்கிறார்கள். அவர்கள் வாயில் புழங்கித் தமிழான சொல், அப்படியே எழுதலாம். குதுப் மினார், சார்மினார் போன்ற கட்டடப் பெயர்களில் மட்டும் மினார். இரண்டுக்கும் பொருளை விளக்க வேண்டிய இடத்தில் 'பாங்கு சொல்லும் உயர்மாடம்' என்று ஒருமுறை சொன்னால் போதும்.

மஃரிபு என்னும் அந்தித் தொழுகைக்கு நேரமானது. பாங்கு மேலிருந்து வந்தது, ஆனால் மேலே யாரும் இல்லை. மோதினார் உள்ளே மைக் முன்னால் நின்றார். உயரத்தில் இருந்தது ஒலிபெருக்கிக் குழல்தான். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளு செய்யப் பாய் தொட்டிப் பக்கம் போனார்.

வீட்டுக்கு வந்து 'இரட்டை மினாராக்கள்' என்று எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தபோது 'இரட்டைக் கோபுரங்கள்' என்றிருந்தது. பாயிடம் இன்னும் காட்டவில்லை.