டிஏபி மூட்டையும் புராஸ்டேட் புற்றுநோயும்

"டிஏபி மூட்டை தூக்கித்தான் எனக்கு இது வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டார் திருவையாறு பக்கத்துப் பெரியவர். தப்பு என்னுடையது. புற்றுநோய் செல்லுக்குள் பாஸ்பேட் செய்கிற வேலையை அவர் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். டெல்டாக்காரருக்கு பாஸ்பேட் என்றால் டிஏபி உரத்தில் இருக்கும் மணிச்சத்துதானே!

நான் சொன்னது வயல் பாஸ்பேட் இல்லை. எல்லார் உடம்பிலும் செல் தன் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து எடுத்துப் புரதங்களில் ஒட்டிக்கொள்வது. ஒட்டும் நொதி கைனேஸ், கழற்றும் நொதி பாஸ்பேட்டேஸ்.

ஒன்றரை வருடம் முன்பு, நோய் எலும்புக்குப் பரவிய பிறகுதான் வந்தார். ராத்திரி நாலைந்து தடவை எழுந்ததை வயசு என்றும், இடுப்பு வலியை வரப்பு வெட்டினது என்றும் தைலத்தோடு விட்டிருந்தார். புராஸ்டேட் செல்கள் ரத்தத்தில் விடும் புரதமான பிஎஸ்ஏ 180. இந்நோய்க்குத் தீனியான ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ஊசியில் 0.4க்கு இறங்கியது. இப்போது 9. ஹார்மோன் அடங்கியேதான் இருக்கிறது.

"தீனியை நிறுத்தியும் எப்படி சார் ஏறுது?" என்றார் மகன்.

ஹார்மோனைக் குறைத்தால் இந்நோய் தணியும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார்; ஊசியும் அதே வழிதான். ஆனால் ஹார்மோனைப் பிடிக்கும் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் 81-ஆவது இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஒட்டினால், சொற்ப ஹார்மோனே அதற்குப் போதும்.

இன்னொரு பாதை ஏகேடி என்ற புரதம். அதை அடக்கி வைப்பது பி-டென் (PTEN) என்ற இன்னொரு புரதம். முற்றிய நோயில் பலருக்கு பி-டென் தொலைந்திருக்கும். ஏகேடியில் பாஸ்பேட் ஒட்டியபடியே கிடக்க, சாகவேண்டிய செல் சாகாது. இதில் கொடுமை, அப்படிப்பட்ட செல்லில் ஹார்மோன் பாதையை அடைத்தால், ஏகேடியின் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி ஒன்றும் குறைகிறது. ஒரு மதகை இறக்கினால் பக்கத்து மதகு தானே ஏறுகிற கதை.

"அப்ப ரெண்டு மதகுக்கும் ஆள் போடணும்" என்றார் பெரியவர்.

அதைத்தான் செய்து பார்க்கிறார்கள். பி-டென் இல்லாதவர்களுக்கு ஹார்மோன் பாதையை அடைக்கும் அபிராடிரோன் மாத்திரையோடு ஏகேடியை அடக்கும் மருந்தையும் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். சர்க்கரை ஏறும், வயிறு போகும், தோல் தடிக்கும். சும்மா வருகிற மருந்து இல்லை.

இடையில் ஒன்று. சிறுநீர் அடைப்புக்கு ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லாமல் பிஎஸ்ஏ பார்க்காதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டால் அளவு ஏறக்குறையப் பாதியாகத் தெரியும்; நாங்களும் ஏமாந்துபோவோம்.

பி-டென் இருக்கிறதா என்று பார்க்க, பயாப்ஸியில் எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி வேண்டும். ரிப்போர்ட் தாள் போதாது. மகன் பையைக் குடைந்தார், தாள்தான் இருந்தது. பயாப்ஸி எடுத்த லேபுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.