கூம்பில் இறுகிய பின் சில்லு: ஹப் புல்லரைத் தெரிவுசெய்யும் கணக்கு

வன்னியில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பின் சில்லைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை அடிக்கடி வரும். கார்த்திகை, மார்கழி மழையில் பிரேக் ட்ரம்முக்குள் தண்ணீர் போகும். ஆவணியில் கிரவல் பாதையின் செம்புழுதி போகும். ஒயில் சீல் கசிந்தாலும் பெயரிங் இரைந்தாலும், சில கார்களில் சில்லு பூட்டப்படும் நடுப்பாகமான ஹப்பைக் கழற்றாமல் உள்ளே கை வைக்க வழியே இல்லை. அந்த ஹப்பைக் கழற்ற எந்தக் கருவியை எடுப்பது என்பதை அவசரத்தில் தீர்மானிக்கக் கூடாது. பிழையான கருவியால் வெடித்துப்போன ஒரு ட்ரம்முக்குப் பதில் ட்ரம் இன்று இலேசில் கிடைப்பதில்லை.

கருவியைப் பற்றி யோசிக்க முன்னர் பின் சில்லுகளைத் தாங்கும் அச்சான ஆக்சில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். மொரிஸ் மைனர் 1000, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55, ஏ60 ஆகியவற்றில், பெயரிங் ஆக்சில் உறையின் வெளிப்புறத்தில் அமர்ந்து காரின் பாரத்தைத் தாங்குகிறது; உள்ளே செல்லும் தண்டின் முக்கிய வேலை சில்லைச் சுழற்றுவதுதான். ட்ரம்மின் திருகாணிகளைக் கழற்றி, தண்டை வெளியே இழுத்து, பூட்டுத் தகட்டை நிமிர்த்திப் பெரிய நட்டை எடுத்துவிட்டால், இறுகிய பாகத்தை இழுத்தெடுக்கும் கருவியான புல்லரில் மிதமான ஒன்றுக்கே ஹப் வந்துவிடும். பெட்ரோல் வராத 1990களில் மண்ணெண்ணெயில் ஓடி வன்னியின் ஆட்களையும் நோயாளிகளையும் சுமந்த கார்களில் பல இந்த இனத்தவை. இவற்றின் மேல் கனமான புல்லரை ஏற்றுவது வீண் சேதம்.

ஹில்மன் மின்க்ஸ், ட்ரையம்ப் ஹெரல்ட், 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்ட் மொடல் ஏ, போருக்குப் பிந்திய வில்லிஸ் ஜீப்புகளில் பல ஆகியவற்றின் கதை வேறு. (போர்க்கால வில்லிஸ் எம்பி ஜீப்பின் பின் ஆக்சில் இந்த வகையைச் சேர்ந்ததல்ல.) இவற்றில் ஆக்சில் தண்டின் வெளிமுனை கூம்பாகக் கடையப்பட்டிருக்கும், ஹப்பின் துளையும் அதே சாய்வில் இருக்கும், இரண்டுக்கும் இடையே ஒரு காடியில் கீ எனப்படும் சிறு உருக்குத் துண்டு அமர்ந்திருக்கும். வெளியே ஒரு நட்டு ஹப்பைக் கூம்பின் மேல் அழுத்துகிறது. சில்லைச் சுழற்றுவது கீ என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வேலையைக் கூம்பின் உராய்வே செய்கிறது. கூம்பு தளர்ந்து பாரம் கீயின் மேல் விழுந்தால், கீ அறுந்துபோவதற்கு அதிக தூரம் ஓட வேண்டியதில்லை.

பிக்காசுப் பிடி எப்படித் தன் தடித்த முனையில் இறுகி நிற்கிறதோ, அப்படித்தான் இதுவும் நிற்கிறது. ஆனால் இங்கே விசை தொன் கணக்கில் வருவதால், கணக்கைப் போட்டே பார்க்கலாம். 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு நட்டை 200 நியூட்டன் மீற்றர் முறுக்கத்தில் இறுக்கினால், அது ஹப்பை ஏறத்தாழ 62,500 நியூட்டன் விசையுடன், அதாவது 6 தொன்னுக்கு மேல், உள்ளே தள்ளுகிறது. நீளம் 8 அலகு போகையில் விட்டம் 1 அலகு குறையும் சாய்வை எடுத்துக்கொள்வோம். அச்சோடு ஒவ்வொரு பக்கமும் ஆக்கும் கோணம் சுமார் 3.6 பாகை. ஓரளவு துப்புரவான உருக்குக்கு உராய்வுக் குணகம் 0.15 என்றால், உராய்வுக் கோணம் 8.5 பாகை. சாய்வுக் கோணம் உராய்வுக் கோணத்தை விடக் குறைவாக இருப்பதால், நட்டை முழுதாகக் கழற்றிய பின்னரும் ஹப் தானாக வழுகி வெளியே வராது. அதைப் பிரிக்க, உள்ளே தள்ளிய விசையில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 2.6 தொன், போதும்.

இது துப்புரவான கூம்புக்குரிய கணக்கு. துரு ஏறிக் குணகம் 0.4 ஆனால், அதே இறுக்கத்தைப் பிரிக்க ஏறத்தாழ 10 தொன் வேண்டும். 2009க்குப் பிறகு புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கமாக ஆண்டுக்கணக்கில் மழையிலும் கடற்காற்றிலும் கிடந்த வாகனங்களைப் பார்த்தவர்களுக்கு, இந்த நாலு மடங்கு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே புல்லரைத் தெரிவுசெய்பவர் 2.6 தொன்னை அல்ல, 10 தொன்னையே மனத்தில் வைக்க வேண்டும்.

அந்த 10 தொன்னும் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் என் பார்வையில் தலையாய கேள்வி. கராஜ்களில் எளிதாக எடுப்பது, ட்ரம்மின் விளிம்பைக் கொளுவி இழுக்கும் மூன்று கால் புல்லர். பெயரிங்குக்கும் பெல்ட் ஓடும் கப்பிக்கும் அது நல்ல கருவி. இந்த வேலைக்குக் கூடாது. ட்ரம் வார்ப்பிரும்பு, அழுத்தத்தைத் தாங்கும், இழுவையையும் வளைவையும் தாங்காது. நடுவில் ஹப் அசையாமல் நிற்க, விளிம்பு மட்டும் இழுபட்டால், ட்ரம் முதலில் கோணும், பிறகு வெடிக்கும். பரந்தன் பக்கக் கராஜ் ஒன்றில் அப்படி உடைந்த ட்ரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: விளிம்பில் புல்லரின் நகம் பட்ட இடத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது, அங்கிருந்து ஸ்டட் (சில்லு பூட்டும் மரைத்தண்டு) துளை வரை மயிரிழை வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது. ஹப் மட்டும் கூம்பிலேயே இருந்தது.

இரண்டாவது கருவி, தண்டின் முனை மரையில் பூட்டிச் சுத்தியலால் அடிக்கும் உருக்குத் தொப்பி. மலிவானது, பல வேளை வேலையும் செய்யும். ஆனால் அடியின் அதிர்ச்சி தண்டு வழியாக, இரு பின் சில்லுகளுக்கும் சுழற்சியைப் பகிரும் டிப்ரன்சியலுக்குள் போய், அங்குள்ள சிறு பற்சில்லுகளையும் பெயரிங்கையும் தாக்குகிறது. இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சரியான கருவி, சில்லு பூட்டும் ஸ்டட்டுகளில் பிடித்து, நடுத்திருகால் தண்டின் முனையை அழுத்துவது. இங்கே இழுவை ஹப்பிலும் எதிர்விசை தண்டிலும் விழுந்து, விசை அந்த இரண்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ட்ரம்முக்கோ டிப்ரன்சியலுக்கோ பாரம் போவதில்லை. ஹெரல்டிலும் மின்க்ஸிலும் ட்ரம் தனியே கழலும் என்பதால், அதை முதலில் எடுத்துவிட்டுப் புல்லரைப் பூட்டலாம். மொடல் ஏ காரில் ஹப்பின் வெளிமுனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பிடிக்கும் இரட்டைக் கவ்வியே அதற்குரிய புல்லர்.

புல்லரைப் பூட்டுகையில் ஸ்டட்டுகள் எல்லாவற்றிலும் நட்டு முழுதாக ஏறியிருக்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. ஹெரல்டில் இருப்பவை 3/8 அங்குல ஸ்டட்டுகள் நாலு. ஒவ்வொன்றின் மரைப்பகுதிக் குறுக்குப்பரப்பு சுமார் 57 சதுர மில்லிமீற்றர். 10 தொன்னை நாலும் பகிர்ந்தால், சதுர மில்லிமீற்றருக்கு 440 நியூட்டன் அளவில் வரும். இரண்டில் மட்டும் பிடித்தால் 880. இன்று கடையில் கிடைக்கும் 8.8 தரப் போல்ட்டே 800 நியூட்டன் அளவில் அறும் என்பதை நினைத்தால், இரண்டு கால் புல்லரை ஏன் ஒதுக்க வேண்டும் என்பது விளங்கும்.

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ லேத் பட்டறையில் புல்லர் செய்விப்பது நல்ல யோசனைதான். ஆனால் தகட்டைக் கஞ்சத்தனமாக எடுக்கக் கூடாது. 15 சென்ரிமீற்றர் அகலமான மெல்லுருக்குத் தட்டு இந்தப் பாரத்துக்கு 25 மில்லிமீற்றர் தடிப்பாவது இருக்க வேண்டும்; 12 மில்லிமீற்றர் தகடு கிண்ணம் போல் வளைந்து ஸ்டட்டுகளையும் கோணலாக்கிவிடும். நடுத்திருகு 24 மில்லிமீற்றருக்குக் குறையாமல், சிறுமரையில் இருக்கட்டும். அந்தத் திருகால் 10 தொன் எடுக்க ஏறத்தாழ 480 நியூட்டன் மீற்றர் முறுக்கம் தேவை. அதாவது 1 மீற்றர் குழாயின் நுனியில் 50 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பாரம். மரைக்கு நன்றாகக் கிறீஸ் பூசாவிட்டால் உழைப்பின் பெரும்பகுதி மரைக்குள்ளேயே தேய்ந்துபோகும்.

வேலை செய்யும் முறையிலும் ஒரு விடயம் உயிரோடு சம்பந்தப்பட்டது. இறுகிய ஹப் மெல்ல மெல்ல நழுவி வருவதில்லை. தொன் கணக்கான இழுவை ஒரே கணத்தில் விடுபடுகையில், புல்லரோடு சேர்ந்து பாய்கிறது. அதனால்தான் அந்தக் கராஜில் மூத்த மெக்கானிக் தன் உதவியாளரிடம், “தம்பி, நட்டை முழுக்கக் கழட்டிப்போடாதை, திருப்பிப் போட்டு நாலு மரையில விடு” என்று சொன்னார். திருப்பிப் போட்ட நட்டு, பாயும் ஹப்பைத் தடுக்கிறது; தண்டின் முனையோடு மட்டமாக நின்று, மரை நசுங்காமலும் காக்கிறது. திருகை இறுக்கிவிட்டு, அதன் தலையில் சுத்தியலால் ஓர் அளவான அடி கொடுத்தால், ஏற்கெனவே இழுவையில் நிற்கும் கூம்பு பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் இறுக்கத்தோடு இரவு முழுவதும் விட்டுவைக்கலாம். பொறுமை இங்கே பலத்தை விடப் பயன் தரும்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. 30 மில்லிமீற்றர் துளையுள்ள ஹப், தண்டை விட 100 பாகை கூடச் சூடானால், துளை 0.036 மில்லிமீற்றர் விரியும். கேட்கச் சிறிதாக இருந்தாலும், மேற்சொன்ன சாய்வில் அது அச்சுத் திசையில் 0.29 மில்லிமீற்றர் இடைவெளிக்குச் சமம். தண்டு சூடாக முன்னர் ஹப்பைச் சுற்றி விரைவாகச் சூடேற்ற வேண்டும். சிவக்க விடக் கூடாது. ஒயில் சீல் கருகும் என்பதால் புதிய சீல் கையில் இருக்க வேண்டும்; மண்ணெண்ணெயால் கழுவிய பாகங்களை அருகில் வைத்துக்கொண்டு தீயைத் தொடவே கூடாது.

மீண்டும் பூட்டுகையில் கூம்பு இரண்டையும் துருவில்லாமல் துடைத்து, நீல மை பூசி, எங்கெங்கே தொடுகிறது என்று பார்க்க வேண்டும். தொடுகை திட்டுத் திட்டாக இருந்தால், கீயை எடுத்துவிட்டு வால்வு அரைக்கும் பசையால் இரண்டையும் ஒன்றில் ஒன்று அரைத்துப் பொருத்தி, பசையை முற்றாகக் கழுவிவிட வேண்டும். கீயின் காடியோரம் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருந்தால், ஹப் முன்பே தளர்ந்து அசைந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கீயைத் திரும்பப் போடக் கூடாது. நட்டை அந்தக் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கிய பின், பிளவு ஊசி போகும் துளை நேராக வராவிட்டால், அடுத்த துளைக்கு இன்னும் இறுக்க வேண்டுமே தவிர, பின்னால் தளர்த்தக் கூடாது. சிறிது தூரம் ஓடிய பின் ஊசியைக் கழற்றி, அதே முறுக்கத்தில் ஒருமுறை சரிபார்த்து, புதிய ஊசி போட்டுப் பூட்டவும்.