விரல் மரத்தால் உடனே சொல்லுங்கள்

"மல்லிகைக் காம்பு விரல்ல படுறதே தெரியல தம்பி" என்றார் அக்கா. பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூக்கட்டுகிறவர். மார்பகப் புற்றுநோய்க்கு வாராவாரம் பாக்லிடாக்சல் என்ற மருந்தை ஏற்றிக்கொள்கிறார். அவருக்கு மருந்து ஏற்றும் இடத்தில் நான் மருந்தாளர். எத்தனை நாளாக என்று கேட்டால், ஒரு மாதமாகவாம். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். நானும் வாந்தி, சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரித்தேனே தவிர, விரலைப் பற்றிக் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

விரல் ஏன் மரக்கிறது? நம் செல்களுக்குள் நுண்குழல்கள் இருக்கின்றன. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் சேர்ந்து உண்டாகும் இவற்றின் விட்டம் 25 நானோமீட்டர்தான். நுனியில் ஜிடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை ஏந்திய புதுத் துண்டுகள் தொப்பிபோல இருக்கும்வரை குழல் வளரும். அந்தத் தொப்பி போனதும், முடிச்சு அவிழ்ந்த பூச்சரம்போல மளமளவென்று உதிரும். அப்புறம் மறுபடி வளரும். மிட்சிசன், கிர்ஷ்னர் என்ற விஞ்ஞானிகள் 1984இல் இதை விளக்கினார்கள். செல் பிரியும்போது குழல்கள் இப்படி நீண்டும் சுருங்கியும் துழாவித்தான் மரபுச் செய்தி ஏந்திய குரோமோசோம்களைப் பிடிக்கின்றன. பாக்லிடாக்சல் குழலை உதிரவிடாமல் இறுக்கிவிடுகிறது. புற்றுசெல்லால் ஒழுங்காகப் பிரிய முடிவதில்லை. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து இதற்கு நேர்மாறு. குழலை வளரவே விடாது.

நரம்பு செல் பிரிவதில்லை. ஆனால் அதற்கு நுண்குழல்தான் தண்டவாளம். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல்வரை, சுமார் ஒரு மீட்டர் தூரம், சரக்கெல்லாம் அதன்மேல்தான் போகவேண்டும். பாக்லிடாக்சல் இந்தத் தண்டவாளத்தையும் பாதிக்கிறது. அதனால்தான் நீளமான நரம்புகளின் நுனி முதலில் அடிவாங்குகிறது.

செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறீர்களா? தோட்டுத் திருகாணி கைக்கு அகப்படவில்லையா? அடுத்த மருந்து ஏற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், சில நாள் தள்ளிப்போடலாம். நரம்புக்கு நல்லது என்று நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். அசிடைல் கார்னிடின் என்ற சத்து மாத்திரை இந்த வகை மருந்து எடுத்த பெண்களுக்கு மரத்துப்போவதை அதிகமாக்கியதாகவே ஆய்வில் தெரிந்தது.

அக்காவுக்கு அளவைக் குறைத்தார்கள். சிகிச்சை நிற்கவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடக்கப்போவதாகச் சொன்னார். வெயில் ஏறிய தார் ரோடு சுடுவது இப்போது அவர் பாதத்துக்குத் தெரியாது. செருப்பு போட்டுக்கொள்ளச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடிவாரம் வரைக்கும் போட்டுக்கிறேன்" என்றார்.