இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏன் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள்?

பக்கவாதத்தால் நான்கு மாதங்களாகப் படுக்கையில் இருக்கும் தந்தையை வீட்டில் வைத்துக் கவனித்துவரும் ஒரு வாசகி, மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது செவிலியர் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் புண் வந்துவிடும்." அசந்து தூங்கும் மனிதரை நடு இரவில் எழுப்புவது கொடுமை இல்லையா, அந்த இரண்டு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது அவருடைய கேள்வி.

கணக்கைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மன். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த இந்த நரம்பியல் மருத்துவர், தண்டுவடத்தில் காயம்பட்ட போர்வீரர்களுக்காக 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் திறக்கப்பட்ட பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அதுவரை அத்தகைய நோயாளிகளில் பலர் குண்டுக் காயத்திலிருந்து பிழைத்து, பிறகு படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் இறந்துகொண்டிருந்தார்கள். இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை ஒவ்வொருவரையும் புரட்டியே ஆக வேண்டும் என்பதைக் குட்மன் தம் வார்டின் சட்டமாக்கினார். 1948இல் அதே மருத்துவமனை வளாகத்தில் சக்கர நாற்காலி வீரர்களுக்கு அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக் ஆனது. சாவுக்குக் காத்திருந்தவர்கள் வில்லெடுக்கும் நிலைக்கு வந்ததில் அந்தப் புரட்டலுக்கும் பங்கு உண்டு.

சரி, புண் ஏன் வருகிறது? பாடநூல் விடை எல்லோருக்கும் தெரிந்தது: எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்குகிறது, நுண்குழாய்களில் ரத்தம் நின்றுபோகிறது, திசு சாகிறது. இதற்கு ஓர் எண்ணும் உண்டு. 1930இல் யூஜின் லாண்டிஸ் என்ற உடலியலாளர், விரல் நகத்தின் அடித்தோலில் உள்ள நுண்குழாய்க்குள் முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி உள்ளழுத்தத்தை அளந்தார். தமனிப் பக்கம் சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரசம் இருந்தது. ஆகவே வெளியிலிருந்து அதற்கு மேல் அழுத்தினால் குழாய் மூடிக்கொள்ளும் என்று பல தலைமுறை மாணவர்கள் படித்துவந்தார்கள்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த முரண் வருகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களை நினைத்துப் பாருங்கள். 10 மீட்டர் ஆழத்துக்குப் போனால் கடல்நீர் உடலின் மீது கூடுதலாக ஏறத்தாழ 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தை ஏற்றுகிறது. லாண்டிஸின் எண்ணைப்போல இருபது மடங்குக்கும் மேல். அழுத்தம் மட்டுமே சதையைக் கொல்லும் என்றால், முத்துக் குளிப்பவர்களின் உடலெல்லாம் புண்ணாகியிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் நீர் எல்லாத் திசையிலிருந்தும் சமமாக அழுத்துகிறது. திசுவுக்குள் இருக்கும் நீரும் ரத்தமும் அதே அளவு அழுத்தத்தை ஏற்றுக்கொள்வதால் செல்லின் வடிவம் மாறுவதில்லை. படுக்கையிலோ முதுகெலும்பின் அடியில், இடுப்புக்குப் பின்புறம் இருக்கும் திருகெலும்பின் மேடு ஒரு பக்கமும் மெத்தை மறுபக்கமும் மட்டும் அழுத்துகின்றன. நடுவில் சிக்கிய சதை பக்கவாட்டில் பிதுங்கி, பிசைந்த மாவைப்போல உருக்குலைகிறது.

ஆக, முதல் குற்றவாளி இந்த உருக்குலைவு. இழுபட்ட செல்லின் சவ்வு கசியத் தொடங்குகிறது, உள்ளே அதைத் தாங்கி நிற்கும் புரத இழைச் சட்டகம் அறுகிறது. அழுத்தம் கடுமையாக இருந்தால் இதற்குப் பல மணி நேரம் கூடத் தேவையில்லை. ரத்தம் நிற்பதால் வரும் பட்டினிச் சாவு அதற்குப் பின்னால் மெதுவாக வருகிறது. உருக்குலைவு மிகுதியாக இருப்பது எலும்பை ஒட்டிய ஆழத்தில். அங்கே இருக்கும் தசையோ தோலைவிட மென்மையானது, ஆக்சிஜன் பசியும் அதிகம். அதனால் பல நேரங்களில் உள்ளே தசை செத்த பிறகும் மேலே தோல் நலமாகவே தெரியும். காலையில் லேசான கருஞ்சிவப்புத் திட்டாக இருந்தது ஒரு வாரத்தில் குழியாகத் திறக்கிறது என்று வீட்டார் திகைப்பதற்கு இதுவே காரணம்.

சறுக்கு விசை இன்னும் நுட்பமானது. உள்ளங்கையை மேசைமீது அழுத்திவைத்து, கை வழுக்காமல் முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். தோல் மேசையோடு ஒட்டி நிற்கும்; உள்ளே எலும்பு மட்டும் நகரும். நோயாளியின் தலைப்பக்கத்தை வெகுவாக உயர்த்தி வைக்கும்போது இடுப்புப் பகுதியில் நடப்பது இதுவே. உடல் கீழ்நோக்கிச் சரிகிறது, முதுகுத்தோல் வியர்வையில் விரிப்போடு ஒட்டிக்கொள்கிறது, எலும்புக்கும் தோலுக்கும் இடையே ஓடும் ரத்தக்குழாய்கள் இழுபட்டு மடங்குகின்றன. உணவு ஊட்டும் நேரம் தவிர, மருத்துவர் வேறு காரணம் சொல்லாதவரை, தலைப்பக்கம் 30 பாகைக்கு மேல் வேண்டாம் என்று செவிலியர்கள் சொல்வது இதனால்தான். கக்கத்தில் கைகொடுத்து இழுக்காமல், இருவர் நின்று விரிப்போடு சேர்த்துத் தூக்கி நகர்த்துவதும் இதனால்தான். எங்கள் வீட்டில் பாட்டிக்கு வண்டி டியூபில் காற்றடித்து வளையமாக இடுப்பின் கீழ் வைத்தோம். அன்பினால் செய்த தவறு அது. வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள சதையை நசுக்கி, நடுப்பகுதிக்கு ரத்தம் வரும் வழியையே குறைக்கிறது.

படுக்கைப் புண்ணை விதி என்றும் முன்வினை என்றும் சொல்பவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். படித்தவர்களின் மூடநம்பிக்கையும் இதில் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற நரம்பியலாளர் ஷார்கோ, புண் நரம்புக் கோளாறிலிருந்து வருவது என்றும் சாவின் அறிகுறி என்றும் கருதினார். தண்டுவடம் அறுக்கப்பட்ட கினிப் பன்றிகளைச் சுத்தமாகவும் அழுத்தம் படாமலும் வைத்தால் புண் வருவதில்லை என்று பிரவுன் செகார் என்ற உடலியலாளர் காட்டியிருந்தும், ஷார்கோவின் பெயருக்கே செல்வாக்கு அதிகமாக இருந்தது.

தோல் திறந்துவிட்டால் கதை தொற்றின் பக்கம் திரும்புகிறது. திருகெலும்பு, மலம் கழியும் இடத்துக்கு மிக அருகில் இருப்பதால் குடல் பாக்டீரியாக்களுக்குத் தூரம் அதிகமில்லை. அங்கிருந்து எலும்புக்கும் ரத்தத்துக்கும் தொற்று இறங்கலாம். புரட்டும் வேலையே தொற்றைப் பரப்பவும் கூடும் என்பதால் சில பழக்கங்கள் கட்டாயம். தொடுவதற்கு முன்னும் பின்னும் ஆல்கஹால் கைத்தேய்ப்பானை 20 முதல் 30 வினாடி, விரலிடுக்கும் கட்டைவிரலும் விடாமல் தேய்க்க வேண்டும்; கையில் அழுக்கு தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான். கையுறை போட்டிருந்தாலும் இதில் சலுகை இல்லை. பலர் தவறவிடுவது யூரின் பையை: புரட்டும்போது வசதிக்காக அதை எடுத்து நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பார்கள். பை சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கு மேலே போனால், குழாயில் தேங்கியிருக்கும் சிறுநீர் கிருமிகளோடு உள்ளே திரும்பக்கூடும்.

தினமும் குளிப்பாட்டும்போது திருகெலும்பு, இடுப்பு மூட்டு, குதிகால் ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மீண்டும் சிவக்க வேண்டும், வெளுக்காவிட்டால் அது முதல் நிலைப் புண் என்பது பாடநூல் சோதனை. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய பாடம் அது. நம்முடைய கருந்தோலில் சிவப்பும் வெளுப்பும் எளிதில் தெரியாது. சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று புறங்கையாலும் விரல்நுனியாலும் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி நடு இரவுக் கேள்வி. இரண்டு மணி என்பது இயற்கை விதித்த மாறிலி அல்ல. அமெரிக்க, கனடிய முதியோர் இல்லங்களில் அடர்த்தி மிகுந்த நுரை மெத்தையில் படுத்திருந்தவர்களை 2, 3, 4 மணி இடைவெளிகளில் புரட்டி ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளியானது. மூன்று குழுக்களுக்கும் புண் வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அந்த மெத்தை வேறு, நம் வீட்டில் நாள்பட்டுக் கட்டிதட்டிப்போன இலவம்பஞ்சு மெத்தை வேறு. கோடிகளில் அறுவை ரோபோ வாங்கும் நாட்டில், இலவம்பஞ்சிலும் கயிற்றுக் கட்டிலிலும் இடுப்பின் கீழ் எவ்வளவு அழுத்தம் என்று அளப்பதற்குச் சில லட்சம் ஒதுக்கினால் அது எத்தனையோ வீடுகளுக்கு உதவும் என்பது என் கருத்து.

ஆகவே முதலில் மெத்தையை மாற்றுங்கள். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரிடம் தோலைக் காட்டி, இரவு இடைவெளியை நீட்டலாமா என்று கேளுங்கள். முழுதாகப் புரட்டி எழுப்பவும் தேவையில்லை: ஒரு பக்கத் தோளின் கீழும் இடுப்பின் கீழும் தலையணை செருகி உடலை 30 பாகை சாய்த்தால் திருகெலும்பின் மீதிருந்த சுமை இறங்கிவிடும், மறுமுறை எதிர்ப்பக்கம். கெண்டைக்காலின் கீழ் இன்னொரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் நிற்கும். இருட்டில், விளக்குப் போடாமல், உங்கள் தந்தை விழிக்காமலே இதைச் செய்துவிடலாம்.