ஆறாயிரம் ரூபாயும் ஐந்தாம் மாத ஸ்கேனும்: கர்ப்பிணிகள் கோட்டைவிடும் இடங்கள்

நம் வீடுகளில் மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடுமாம். அரசோ, 12 வாரத்துக்குள் பதிந்தால்தான் மகப்பேறு நிதியுதவி என்கிறது. அந்த 12 வாரத்தை நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணக்கூடாது, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அப்படிப் பார்த்தால், "மூணு மாசம் முடிஞ்சுது, இனி சொல்லலாம்" என்று மாமியார் வாய் திறக்கும்போது 13 வாரம் ஆகியிருக்கும். ஏழைக் குடும்பங்கள் முதலில் பணத்தைக் கோட்டைவிடுவது இங்கேதான். ஊரெல்லாம் சொல்ல வேண்டாம், கிராம சுகாதார செவிலியரிடம் மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.

திட்டம் இதுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணம், மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பணம் மூன்று தவணை: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும், 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். 18 வயதில் கல்யாணம் செய்துவைத்தால் சட்டம் ஒன்றும் சொல்லாது, ஆனால் 19 நிறையாவிட்டால் இந்தப் பணம் வராது.

மூன்றாவது கர்ப்பம் என்றால் பணம் கிடையாது. அந்த வெட்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பக்கமே போகாத பெண்கள் இருக்கிறார்கள். பணத்துக்கும் பரிசோதனைக்கும் சம்பந்தமில்லை. எத்தனையாவது கர்ப்பமாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மாத்திரை, பிரசவம், சிசேரியன், போக்குவரத்து எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். 2011 முதல் இருக்கும் மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் சொல்வது அதைத்தான். "மூணாவதா?" என்று கவுண்டரில் ஒரு மாதிரியாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

அடுத்தது பதிவு எண். கர்ப்பத்தைப் பதிவுசெய்யும் அரசின் பிக்மி இணையதளத்தில் நீங்களே பதியலாம், 102-ஐக் கூப்பிட்டும் பதியலாம். அப்போது கிடைப்பது முன்பதிவு எண்தான். செவிலியர் சரிபார்த்த பிறகு 12 இலக்க ஆர்சிஎச் எண் (தாய்-சேய் நலப் பதிவு எண்) ஒன்று வரும். அது வந்தால்தான் பதிவு முடிந்ததாகக் கணக்கு. முன்பதிவுக் குறுஞ்செய்தியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஏழாம் மாதம்வரை நிம்மதியாக இருந்தவர்கள் உண்டு. தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இந்த எண் வேண்டும், அது இல்லாமல் தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. செவிலியரிடம் சொன்ன தேதியை உங்கள் கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையில் அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். தாமதம் யாருடையது என்ற பேச்சு பின்னால் வந்தால் கையில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

சரி, எண்ணும் வந்துவிட்டது, நான்காம் மாதமும் ஆகிவிட்டது, பணம் வரவில்லை. செவிலியரைக் கேட்டால் "நாங்க ஏத்திட்டோம், பேங்க்ல கேளுங்க" என்பார். வங்கியில் கேட்டால் "எங்களுக்கு எதுவும் வரலம்மா, ஆஸ்பத்திரில கேளுங்க". வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் இரண்டு கவுண்டருக்கும் நடையாய் நடப்பது யாருக்கும் உறுத்துவதில்லை. பெரும்பாலும் கோளாறு இவற்றில் ஒன்றாக இருக்கும். கணக்கு கணவர் பெயரில் இருக்கும். அல்லது கல்யாணத்துக்கு முன் திறந்து, வருடக்கணக்கில் தொடாமல் முடங்கிப்போன கணக்காக இருக்கும். ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியலும் பாஸ்புக்கில் கணவர் பெயரின் இனிஷியலும் இருக்கும். எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது இன்னொன்று: வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பீர்கள், ஆனால் அரசு மானியம் வந்து விழும்படி அந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்திருக்க மாட்டார்கள். இரண்டும் வேறு வேறு. "ஆதார் லிங்க் ஆகியிருக்கா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "அரசுப் பணம் நேரடியா வர்றதுக்கு என் ஆதாரோட எந்த பேங்க் கணக்கு சேர்ந்திருக்கு?" என்று கேளுங்கள். நீங்கள் மறந்தே போன வேறொரு கணக்கில் பணம் ஏற்கெனவே விழுந்திருக்கவும் வாய்ப்புண்டு.

பணத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஆனால் நான்கிலிருந்து ஏழாம் மாதத்துக்குள் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காதது ஸ்கேன்.

குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். உங்கள் சுகாதார நிலையத்தில் அந்த வசதி இல்லாவிட்டால் தாலுகா அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே கூட்டம். "அடுத்த மாசம் 20-ஆம் தேதி வாம்மா" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்தத் தேதியில் எத்தனை வாரம் ஆகியிருக்கும் என்று அங்கேயே நின்று எண்ணுங்கள். 23 வாரத்தில் ஸ்கேன் எடுத்துக் குழந்தையின் இதயத்திலோ தண்டுவடத்திலோ பெரிய குறை தெரிந்தால், பெரிய மருத்துவமனைக்குப் போய் உறுதிசெய்வதற்குள் 24 வாரம் தாண்டிவிடும். அதன்பிறகு கருக்கலைப்பு பற்றி முடிவெடுக்க மருத்துவக் குழுவின் அனுமதி வேண்டும், மறுபடி அலைச்சல். அதனால் 16-ஆம் வாரத்திலேயே ஸ்கேனுக்கு எழுதி வாங்குங்கள். தேதி தள்ளிப்போனால் "எனக்கு அப்போ 22 வாரம் தாண்டிடும், முன்னாடி கொடுங்க" என்று வாரக் கணக்கில் பேசுங்கள். மாதக் கணக்கில் பேசினால் காதில் ஏறாது. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி இரண்டாம், மூன்றாம் மும்மாதக் கர்ப்பிணிகளை டாக்டரே பார்க்கும் சிறப்பு முகாம் உண்டு, பிரதமர் பெயரில் நடப்பது. ஸ்கேன் கிடைக்காமல் இழுத்தடித்தால் அந்த நாளில் போய்க் கேளுங்கள்.

கூட்டம் அதிகம் என்று சொல்லி வெளியே ஸ்கேன் எடுத்துவரச் சொன்னால், சொன்னதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றதும் பல இடங்களில் உள்ளேயே இடம் கிடைத்துவிடுகிறது.

சர்க்கரைப் பரிசோதனையிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. முதல் வருகையில் ஒரு தடவை செய்வார்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை கட்டாயம் செய்ய வேண்டும். "அதான் அப்பவே நார்மல்னு வந்துச்சே" என்று அட்டையைப் புரட்டிப் பார்த்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை பலருக்கு அந்த வாரங்களில்தான் தலைகாட்டும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பாதியில் கிளம்பினால் குடித்தது வீண். குடித்து அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறொரு நாள் செய்வார்கள்.

அட்டையில் ரத்த அளவு (ஹீமோகுளோபின்) என்ற கட்டத்தைப் பாருங்கள். கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, போன மாதம் போட்ட 10.2-ஐயே இந்த மாதமும் எழுதியிருந்தால் உங்கள் விரலில் ஊசி குத்தவே இல்லை என்று அர்த்தம். கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். 11-க்குக் கீழே போனால் சோகை, 7-க்குக் கீழே போனால் வீட்டில் வைத்துச் சமாளிக்கும் விஷயம் இல்லை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் வேண்டாம், ஒன்று காலை என்றால் மற்றது இரவு. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது மாத்திரையால்தான், ஒன்றும் ஆகாது.

ரத்தப்போக்கு, நீர் கசிவு, கண் மங்கலோடு தலைவலி, திடீரென்று முகம் வீங்குவது, அசைந்துகொண்டிருந்த குழந்தை அசையாமல் போவது: இதற்கெல்லாம் செக்கப் நாள் பார்க்கக்கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். ஓரிடத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பரிந்துரைச் சீட்டும் வண்டியும் அவர்கள் தர வேண்டும். வாய்மொழியாக "ஜிஎச் போயிடுங்க" என்றால் நகராதீர்கள். சீட்டு இல்லாமல் போனால் அங்கே முதலிலிருந்து எல்லாம் கேட்பார்கள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகும்போது, அங்குள்ள செவிலியர் "இந்த ஊர் லிஸ்ட்ல நீங்க இல்லையே" என்று கையை விரிக்கலாம். ஆர்சிஎச் எண் மாநிலம் முழுக்க ஒன்றுதான், புதிதாகப் பதிய விடாதீர்கள். இரண்டாவது பதிவு போட்டால் எந்தப் பதிவுக்குப் பணம் என்ற குழப்பத்தில் இரண்டாம் தவணை நின்றுபோகும். கிளம்புவதற்கு முன் பழைய செவிலியரின் செல்போன் எண்ணை வாங்கி, புதியவரை அவரோடு பேச வையுங்கள். அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் வேலை ஆகவில்லை என்றால் சுகாதார உதவி எண்ணான 104-க்கும் முதல்வரின் உதவி எண்ணான 1100-க்கும் புகார் சொல்லலாம். புகார் எண் கொடுப்பார்கள், அதை அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.